கார்டு அம்மாவிடம், பின் நம்பர் யாரிடம்?

2025 செப்டம்பர் மாதம், பதினெட்டாம் தேதி என்று நினைவு. எங்கள் தெரு முனையில் இட்லிக் கடை வைத்திருக்கும் அக்கா, காலை வியாபாரம் முடிந்த கையோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். ஒரு கையில் பாஸ் புக். இன்னொரு கையில் பிளாஸ்டிக் கவருக்குள் பத்திரமாக வைத்திருந்த ஏ.டி.எம். கார்டு.

"தம்பி, கவர்மெண்ட்ல என் பேரை எடுத்துட்டாங்க போல. ஆயிரம் ரூபாய்னு தட்டினா பணம் இல்லைன்னு மெஷின் சொல்லுது. போன மாசமும் இப்படித்தான். தாலுகா ஆபீஸ்ல போய் மனு கொடுக்கணுமாம். நீங்க கம்ப்யூட்டர்ல பார்த்துச் சொல்லுங்க" என்றார்.

தெருவில் ஒருவர் வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தால் அவர் வங்கி அதிகாரி, தாசில்தார், போலீஸ் என எல்லாமும் ஆகிவிடுகிறார் என்பது வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். நான் கம்ப்யூட்டரை ஆன் செய்யவில்லை. "முதலில் வங்கிக்குப் போய் பாஸ் புக்கில் என்ட்ரி போட்டு வாருங்கள் அக்கா" என்று அனுப்பினேன். மதியம் திரும்பி வந்தார். 15 ஆம் தேதி 1,000 ரூபாய் வரவு வைக்கப்பட்டிருந்தது. அதே நாளில் 149 ரூபாய் பற்று. மறுநாள் 299 ரூபாய் பற்று. அதற்கு அடுத்து 239 ரூபாய் பற்று. மூன்றிலும் யு.பி.ஐ. என்ற மூன்று எழுத்துகளும், அதன் பின்னால் யாருக்கும் புரியாத நீண்ட எண்களும். மீதம் 313 ரூபாய்.

அரசு அவர் பெயரை நீக்கவில்லை. பணமும் சரியாக வந்திருந்தது. வந்த பணம் அவர் ஏ.டி.எம். போய்ச் சேரும் முன்பே வேறு வாசல் வழியாக வெளியேறியிருந்தது. "நான் யாருக்கும் கார்டு கொடுக்கலையே தம்பி. இந்தக் கவரை விட்டு வெளியே எடுக்கறதே இல்லையே" என்றார். அவர் சொன்னது உண்மை. கார்டு அவரிடம்தான் இருந்தது.

அந்த வாசலைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அரசு உதவித் தொகை வரும் கார்டை மொபைல் போன் பணச் சேவைகளுடன் இணைக்கலாமா, கூடாதா? இணைக்கலாம் என்பதே என் கருத்து. ஆனால் யார் கையால், யார் போனில் இணைக்கிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

இந்தக் கார்டு எப்படிப்பட்டது?

அமெரிக்காவில் ஓய்வூதியம் போன்ற மத்திய அரசு உதவிகளை வங்கிக் கணக்கு இல்லாதவர்களுக்குக் கொடுக்க, 2008 ஆம் ஆண்டில் டைரக்ட் எக்ஸ்பிரஸ் என்ற கார்டைக் கொண்டு வந்தார்கள். அது பிரீபெய்டு கார்டு. அதில் அரசு உதவி மட்டுமே வந்து விழும். கார்டுதாரர் தன் சொந்தப் பணத்தை அதில் போட முடியாது.

நம் நாட்டில் வழி வேறு. முதலில் வங்கிக் கணக்கு, பிறகு அதற்கொரு கார்டு. 2014 ஆகஸ்ட் 28 அன்று தொடங்கிய ஜன் தன் திட்டத்தில் கணக்கு தொடங்கியவர்களுக்கு ரூபே டெபிட் கார்டு கிடைத்தது. தமிழ்நாட்டில் 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை தொடங்கப்பட்டபோது, சுமார் 1 கோடியே 6 லட்சம் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் என்று அறிவிக்கப்பட்டது. விழா மேடையிலேயே ஏ.டி.எம். கார்டுகள் வழங்கப்பட்டன. இந்தப் பெண்களில் பலருக்கு வாழ்க்கையில் முதல் கார்டு அதுதான்.

ஆகவே நம் ஊரில் உதவித் தொகை கார்டு என்பது ஒரு முழுமையான வங்கிக் கணக்கின் சாவி. இது நல்லதுதான். சொந்தச் சேமிப்பையும் போடலாம், எந்தக் கடையிலும் தேய்க்கலாம், யு.பி.ஐ.யில் இணைக்கலாம். ஆனால் ஒரு சாவியை வைத்து இன்னொரு சாவி செய்துகொள்ள முடியும் என்பதுதான் சிக்கல்.

முன்வாசலுக்குப் பூட்டு, ஜன்னலுக்கு?

பலர் புகார் சொல்லும் ஒரு விஷயத்தை முதலில் பார்த்துவிடலாம். புதுக் கார்டை வைத்து இன்டர்நெட்டில் பொருள் வாங்கப் போனால் பணம் செல்லாமல் நின்றுவிடும். கார்டு பழுது என்று நினைக்கிறார்கள். பழுதில்லை. 2020 ஜனவரியில் ரிசர்வ் வங்கி ஓர் உத்தரவு போட்டது. புதிதாகக் கொடுக்கும் கார்டுகள் உள்நாட்டு ஏ.டி.எம்.மிலும், கடைகளில் கார்டு தேய்க்கும் மெஷினிலும் மட்டும் இயங்க வேண்டும். இன்டர்நெட் வழிப் பயன்பாடு, வெளிநாட்டுப் பயன்பாடு ஆகியவற்றைக் கார்டுதாரர் தாமே கேட்டால்தான் திறந்துவிட வேண்டும். நல்ல உத்தரவு. வங்கியின் மொபைல் அப்ளிகேஷனிலோ, இன்டர்நெட் பேங்கிங்கிலோ, கிளையிலோ இதைத் திறந்து மூடலாம். தேவையில்லை என்றால் மூடியே வைத்திடுங்கள்.

ஆனால் யு.பி.ஐ. இந்தப் பூட்டுக்குள் வராது. யு.பி.ஐ.யில் ஒரு கணக்கை இணைக்க என்ன வேண்டும் என்று பாருங்கள். வங்கியில் பதிவான மொபைல் எண்ணின் சிம் அந்தப் போனில் இருக்க வேண்டும். அப்ளிகேஷன் அந்த சிம்மிலிருந்து ஓர் எஸ்.எம்.எஸ்.சைத் தானே அனுப்பி, எண்ணை உறுதி செய்துகொள்ளும். பிறகு கார்டின் கடைசி 6 எண்கள், காலாவதி மாதம், வருடம். அதே சிம்முக்கு வரும் ஓ.டி.பி. சில வங்கிகள் ஏ.டி.எம். பின் நம்பரையும் கேட்கும். அவ்வளவுதான். புதிதாக ஒரு யு.பி.ஐ. பின் நம்பர் வைத்துக்கொள்ளலாம். கார்டே இல்லாமல் ஆதார் ஓ.டி.பி. மூலம் பின் வைக்கும் வழியும் பின்னாளில் வந்துவிட்டது.

இதில் கார்டு ஒரே ஒரு தடவைதான் வேண்டும். அதுவும் இரண்டு நிமிடம் பார்த்தால் போதும். அதன் பிறகு கார்டைப் பீரோவில் வைத்துப் பூட்டினாலும் பணம் போகும். ஏ.டி.எம். பின் நம்பரை மாற்றினாலும் போகும், ஏனென்றால் யு.பி.ஐ. பின் வேறு, ஏ.டி.எம். பின் வேறு. யாரிடம் சிம் இருக்கிறதோ, அவரிடம்தான் கணக்கு இருக்கிறது.

அக்கா வீட்டில் நடந்ததும் இதுதான். அவருடைய பட்டன் போன் தண்ணீரில் விழுந்து பழுதானதால், அந்த சிம்மை மகன் தன் போனின் இரண்டாவது சிம் துளையில் போட்டு வைத்திருந்தான். "உனக்கு போன் வந்தா நான் கொடுக்கிறேம்மா" என்று சொல்லியிருக்கிறான். அவன் கெட்ட பையன் இல்லை. பாலிடெக்னிக் படிக்கிறான், காலையில் அம்மாவுக்கு மாவு அரைத்துக் கொடுக்கிறான். ஒரு நாள் அவசரமாக ரீசார்ஜ் செய்ய வேண்டியிருந்தது. அம்மாவின் கணக்கை இணைத்துவிட்டான். பிறகு ஒரு வீடியோ சேவை "முதல் மாதம் ஒரே ஒரு ரூபாய்" என்று அழைத்தது. ஒரு கேம் அப்ளிகேஷனும் அப்படியே. ஒரு ரூபாய்தானே என்று பின் நம்பரைத் தட்டினான். அது ஒரு ரூபாய்க்கான அனுமதி மட்டும் இல்லை. மாதா மாதம் எடுத்துக்கொள்ளும் அனுமதி.

இதற்கு யு.பி.ஐ. ஆட்டோபே என்று பெயர். 2020 இல் வந்த வசதி. ஒரு முறை பின் நம்பர் கொடுத்து அனுமதித்துவிட்டால், அடுத்தடுத்த மாதங்களில் 15,000 ரூபாய் வரையிலான தவணைகளுக்குப் பொதுவாகப் பின் நம்பர் கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம். எடுக்கும் முன்பு ஓர் அறிவிப்பு வர வேண்டும் என்பது விதி. அறிவிப்பும் வந்தது. மகனின் போனுக்கு, ஆங்கிலத்தில், நூறு விளம்பர எஸ்.எம்.எஸ்.களுக்கு நடுவில் வந்தது. அவன் பார்க்கவில்லை. அக்காவால் பார்க்க முடியாது.

"திருப்பிப் போட்டுடலாம்னுதான் இருந்தேண்ணே" என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். நான் அவனை நம்புகிறேன். ஆனால் இரண்டு மாதமாக அவன் அம்மா, அரசு தன்னைக் கைவிட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டு இருந்தார். மாத்திரை வாங்குவதைத் தள்ளிப் போட்டிருந்தார்.

உரிமை என்ற சொல்லுக்கு என்ன பொருள்?

இந்த உதவிகள் ஏன் பெண்ணின் பெயரில், அவரது கணக்கில் போகின்றன? வீட்டில் வேறு யாரையும் கேட்காமல் செலவு செய்ய அவருக்கென்று ஒரு தொகை வேண்டும் என்பதால். திட்டத்தின் பெயரிலேயே உரிமை என்ற சொல் இருக்கிறது. ஆனால் கணக்கின் சிம் கணவர் போனிலும், பின் நம்பர் மகன் நினைவிலும், க்யூ.ஆர். கோடு மருமகன் பெயரிலும் இருந்தால், அந்த உரிமை பாஸ் புக்கின் முதல் பக்கத்தில் மட்டும்தான் இருக்கிறது.

மோசடிக்காரர்களைப் பற்றி நாம் நிறையவே எழுதிவிட்டோம். ஓ.டி.பி. சொல்லாதே, லிங்க்கைத் தொடாதே என்று எல்லோரும் சொல்கிறார்கள். சரிதான். ஆனால் வீட்டுக்குள் நடப்பதை யாரும் மோசடி என்று சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. அதனால் அதைப் பற்றிப் பேச்சே இல்லாமல் போகிறது. அடுத்து மொபைல் கடைப் பையன்கள். "அக்கா, நானே போட்டுத் தர்றேன்" என்று வாங்கி, பின் நம்பரையும் அவர்களே 1234 என்று வைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். உதவிதான். ஆனால் அந்தப் பின் நம்பர் ஊருக்கே தெரியும்.

சட்டப்படியும் இதற்கு ஒரு விலை உண்டு. 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வகுத்த விதிகளில், வெளியாள் செய்த மோசடியை வாடிக்கையாளர் மூன்று வேலை நாட்களுக்குள் வங்கிக்குச் சொல்லிவிட்டால் அவருக்கு நஷ்டம் இல்லை என்று சொல்லப்பட்டது. நான்கு முதல் ஏழு வேலை நாட்களுக்குள் என்றால், ஜன் தன் போன்ற அடிப்படைக் கணக்குக்காரர் ஏற்க வேண்டிய நஷ்டத்துக்கு 5,000 ரூபாய் உச்ச வரம்பு வைக்கப்பட்டது. ஆனால் பின் நம்பரைத் தானே பிறரிடம் கொடுத்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான நஷ்டம் முழுவதும் வாடிக்கையாளர் தலையில்தான். "என் பையன்கிட்டதானே சொன்னேன்" என்பது வங்கியிடம் செல்லாது.

அப்படியானால் ரொக்கமே நல்லதா?

இந்தக் கதையைக் கேட்ட என் நண்பர் ஒருவர், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், "இதற்குத்தான் சொல்கிறேன், இந்த மாதிரி கணக்குகளை யு.பி.ஐ.யில் இணைக்கவே விடக் கூடாது. ஏ.டி.எம்.மில் எடுத்தோமா, செலவு செய்தோமா என்று இருக்க வேண்டும்" என்றார். அவர் அக்கறையில் சொல்கிறார். ஆனால் நான் ஒத்துக்கொள்ளவில்லை.

அக்காவின் கணக்கில் இருந்த 313 ரூபாயை எடுத்துக்கொள்வோம். ஏ.டி.எம்.மில் 300 எடுக்கலாம். 13 ரூபாய் உள்ளேயே கிடக்கும். அந்த மெஷினில் அன்று 500 ரூபாய் நோட்டு மட்டும் இருந்தால் 300ம் கிடைக்காது. யு.பி.ஐ.யில் கடைசி ரூபாய் வரை காய்கறிக் கடையில் கொடுக்கலாம். ஏ.டி.எம். பக்கத்தில் இல்லாத கிராமங்களில், பஸ் செலவே உதவித் தொகையில் ஒரு பங்கைத் தின்றுவிடும். மேலும் ரூபே டெபிட் கார்டுக்கும் யு.பி.ஐ.க்கும் 2020 ஜனவரி 1 முதல் வியாபாரிகளிடம் வங்கிக் கட்டணம் கிடையாது. கார்டு என்றால் இரண்டு சதவீதம் கூட என்று கடைக்காரர் கேட்டால், ரூபே டெபிட் கார்டுக்கு அப்படிக் கேட்க நியாயமே இல்லை.

முன்பு ஒரு குறை இருந்தது. அடிப்படைக் கணக்கில் மாதம் நான்கு முறை பணம் எடுப்பதுதான் இலவசம் என்று வைத்துக்கொண்டு, யு.பி.ஐ.யில் பத்து ரூபாய்க்கு டீ குடித்தாலும் அதை ஒரு தடவையாகக் கணக்குப் போட்டுக் கட்டணம் பிடித்த காலம் உண்டு. ரூபே, யு.பி.ஐ. பரிமாற்றங்களுக்கு 2020 ஜனவரி 1க்குப் பிறகு பிடித்த கட்டணங்களைத் திருப்பித் தரும்படி, 2020 ஆகஸ்ட் மாதம் மத்திய நேரடி வரிகள் வாரியம் வங்கிகளுக்குச் சொல்ல வேண்டி வந்தது. டிஜிட்டல் பரிமாற்றங்களை அந்த நான்கில் சேர்க்கக் கூடாது என்ற திருத்தத்தை, 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும் வகையில் ரிசர்வ் வங்கி 2025 டிசம்பரில் வெளியிட்டது. தாமதம்தான், ஆனாலும் வரவேற்க வேண்டியது.

ஏழைகளுக்கு ரொக்கம், மற்றவர்களுக்கு மொபைல் என்று பிரிப்பது பாதுகாப்பு ஆகாது. அது அவர்களை வரிசையில் நிற்க வைப்பது. கற்றுக் கொடுத்து இணைப்பதுதான் முறை.

எப்படி இணைக்கலாம்?

உங்கள் அம்மாவுக்கோ, பக்கத்து வீட்டுக்காரருக்கோ நீங்கள் உதவுவதாக இருந்தால், கீழே உள்ளவற்றை மனதில் கொள்ளுங்கள்.

முதலாவது, சிம். வங்கியில் பதிவான எண்ணின் சிம், கணக்குக்கு உரியவரின் போனில்தான் இருக்க வேண்டும். பழைய பட்டன் போனாக இருந்தாலும் பரவாயில்லை. ரீசார்ஜ் இல்லாமல் நீண்ட நாள் விட்டுவிட்டால் எண் ரத்தாகி, சில மாதங்களில் வேறொருவருக்குப் போய்விடும். எண் மாறினால் அன்றே வங்கியிலும் மாற்றிடுங்கள்.

இரண்டாவது, பட்டன் போனிலேயே யு.பி.ஐ. உண்டு. *99# என்று அழைத்தால் மெனு வரும். மொழியைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு பேலன்ஸ் பார்க்கலாம், பணம் அனுப்பலாம். இன்டர்நெட் தேவையில்லை. 2022 மார்ச் மாதம் அறிமுகமான யு.பி.ஐ. 123பே மூலம் போன் அழைப்பு வழியாகவும் பணம் செலுத்தலாம். ஸ்மார்ட் போன் இல்லை என்பதால் சிம்மை மகன் போனில் போட வேண்டிய கட்டாயம் இல்லை.

மூன்றாவது, வீட்டில் ஒருவர் உதவித்தான் ஆக வேண்டும் என்றால், அதற்கென்றே யு.பி.ஐ. சர்க்கிள் என்ற வசதி 2024 இல் வந்திருக்கிறது. கணக்கு அம்மாவுடையது, அவர்தான் முதன்மையானவர். மகனை இரண்டாவது ஆளாகச் சேர்க்கலாம். மகன் ஸ்கேன் செய்வான், அம்மாவின் போனுக்கு அனுமதி கேட்டு வரும், அவர் பின் நம்பர் போட்டால்தான் பணம் போகும். இதற்கு அம்மாவிடம் ஸ்மார்ட் போன் வேண்டும் என்பது உண்மை. ஆனால் பலர் வீட்டில் நடப்பதைத் தலைகீழாகத் திருப்பி, சரியான இடத்தில் நிறுத்தும் வசதி இது.

நான்காவது, ஆட்டோபே. யு.பி.ஐ. அப்ளிகேஷனைத் திறந்து ஆட்டோபே அல்லது மேண்டேட் என்ற பகுதிக்குச் சென்றிடுங்கள். அங்கே இயங்கிக்கொண்டிருக்கும் அனுமதிகள் பட்டியலாகத் தெரியும். வேண்டாததை ரத்து செய்திடலாம். அந்த வீடியோ சேவையின் அப்ளிகேஷனை மட்டும் போனிலிருந்து நீக்கினால் பணம் போவது நிற்காது. இதைப் பலர் அறியவில்லை.

ஐந்தாவது, பணம் பெற பின் நம்பர் தேவையே இல்லை. "உங்களுக்கு அரசு பணம் வந்திருக்கிறது, பின் நம்பர் போட்டால் கணக்கில் ஏறும்" என்று யாராவது சொன்னால் அது திருட்டு. பின் நம்பர் போட்டால் பணம் போகும், வராது. தனி மனிதர்கள் ஒருவரிடம் ஒருவர் பணம் கேட்டு அனுப்பும் வசதியை 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டார்கள் என்றாலும், க்யூ.ஆர். கோடு அனுப்பி ஏமாற்றுவது ஓயவில்லை.

ஆறாவது, கார்டையும் மறந்துவிடக் கூடாது. ஜன் தன் ரூபே கார்டுடன் விபத்துக் காப்பீடு வருகிறது. 2018 ஆகஸ்ட் 28க்குப் பின் தொடங்கிய கணக்குகளின் கார்டுகளுக்கு 2 லட்சம் ரூபாய். ஆனால் விபத்துக்கு முந்தைய 90 நாட்களுக்குள் அந்தக் கார்டை ஒரு முறையாவது பயன்படுத்தியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. யு.பி.ஐ.யில் செலவு செய்யும்போது கார்டு வெளியே வருவதில்லை. ஆகவே மாதம் ஒரு முறை ஏ.டி.எம்.மில் கார்டைச் செருகி நூறு ரூபாயாவது எடுத்திடுங்கள்.

எந்தக் கணக்கில் என்ன?

அக்கா கடையில் ஒரு க்யூ.ஆர். கோடு ஒட்டியிருக்கிறது. அதுவும் மகனின் கணக்குதான் என்பது பேச்சுவாக்கில் தெரிந்தது. "அதை என் கணக்குக்கு மாத்திடு தம்பி, எல்லாம் ஒரே இடத்துல இருக்கட்டும்" என்றார். நான் தயங்கினேன். இட்லி சாப்பிட வருகிற ஆயிரம் பேரில் ஒருவர் மோசடிப் பணத்தில் 40 ரூபாய் அனுப்பியிருந்தால், அந்தப் பணம் போன தடத்தைப் பின்தொடரும் சைபர் கிரைம் விசாரணையில் வாங்கியவரின் கணக்கும் முடக்கப்படலாம். சிறு வியாபாரிகள் பலருக்கு இப்படி நடந்திருக்கிறது. வியாபாரக் கணக்கு முடங்கினால் கஷ்டம். உதவித் தொகைக் கணக்கும் அதுவே என்றால் இரட்டைக் கஷ்டம். வியாபாரத்துக்கு அவர் பெயரிலேயே வேறொரு வங்கியில் தனிக் கணக்கு தொடங்கச் சொன்னேன்.

அதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. ஆதார் அடிப்படையில் வரும் மானியங்கள், கடைசியாக எந்த வங்கிக் கணக்கு ஆதாருடன் மானியத்துக்காக இணைக்கப்பட்டதோ அங்கே போகும். 2017 இல் ஏர்டெல் பேமெண்ட்ஸ் வங்கி விவகாரம் நினைவிருக்கலாம். சிம்முக்கு ஆதார் சரிபார்க்கப் போனவர்களுக்கு, அவர்களுக்கே தெரியாமல் கணக்குகள் தொடங்கப்பட்டு, காஸ் மானியம் அங்கே போய் விழுந்தது. ஆதார் ஆணையம் அந்த நிறுவனத்தின் சரிபார்ப்பு உரிமத்தை நிறுத்தி வைத்தது. 2018 மார்ச்சில் ரிசர்வ் வங்கி 5 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பேடிஎம் பேமெண்ட்ஸ் வங்கியில் மானியம் வாங்கியவர்கள், ரிசர்வ் வங்கித் தடையால் 2024 மார்ச் 15க்குப் பிறகு வேறு வங்கிக்கு மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. எனவே புதுக் கணக்கு தொடங்கும்போது, மானியத்துக்கு இதையே வைத்துக்கொள்ளவா என்று கேட்கும் கட்டத்தில் கவனமாக இருந்திடுங்கள். எந்த வங்கி இணைந்திருக்கிறது என்பதை ஆதார் இணையதளத்தில் ஓ.டி.பி. கொடுத்து நுழைந்து, வங்கி இணைப்பு நிலை என்ற பகுதியில் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று குறைந்தபட்ச இருப்பு. 2023 இல் உரிமைத் தொகை வந்தவுடனே சில வங்கிகள் பழைய அபராதத்தை அதிலிருந்து பிடித்துக்கொண்டன. தமிழக நிதியமைச்சர் தங்கம் தென்னரசு அப்போது அதைக் கண்டித்தார். கனரா வங்கி, இந்தியன் வங்கி போன்ற அரசு வங்கிகள் 2025 இல் இந்த அபராதத்தைக் கைவிட்டன. உங்கள் வங்கியில் இன்னும் இருந்தால், கணக்கை அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றித் தரும்படி எழுதிக் கொடுங்கள். அதற்குக் குறைந்தபட்ச இருப்பு கிடையாது.

வங்கிகளும் அரசும் செய்ய வேண்டியவை

எல்லாப் பொறுப்பையும் இட்லிக் கடை அக்காவின் தலையில் வைத்துவிட்டு நாம் போய்விட முடியாது. மூன்று விஷயங்களைக் கேட்கிறேன்.

ஒன்று, கார்டுக்கு 2020 இல் செய்ததை யு.பி.ஐ. ஆட்டோபேக்கும் செய்ய வேண்டும். உதவித் தொகை வரும் கணக்குகளில் ஆட்டோபே தொடக்கத்தில் மூடியே இருக்கட்டும். வேண்டும் என்பவர் கேட்டுத் திறந்துகொள்ளட்டும். முன்வாசலைப் பூட்டத் தெரிந்தவர்களுக்கு ஜன்னலைப் பூட்டுவது பெரிய வேலை இல்லை.

இரண்டு, எஸ்.எம்.எஸ். தமிழில் வர வேண்டும். "ரூ.149 உங்கள் கணக்கிலிருந்து இன்ன நிறுவனத்துக்குப் போனது, நிறுத்த இந்த எண்ணை அழைக்கவும்" என்று இருந்தால் அக்காவே படித்திருப்பார். படிக்க இயலாதவருக்குக் குரல் அழைப்பாகச் சொல்லலாம். தேர்தல் நேரத்தில் நம் போனுக்கு எத்தனை குரல் அழைப்புகள் வருகின்றன! தொழில்நுட்பம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

மூன்று, கார்டைக் கையில் கொடுக்கும் அன்றே பத்து நிமிடப் பயிற்சி. நம் ஊரில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் இல்லாத பகுதி குறைவு. குழுவில் ஒருவர் கற்றுக்கொண்டால் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பார். மொபைல் கடைக்குப் போக வேண்டிய அவசியம் இருக்காது.

தவறு நடந்துவிட்டால் செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். வெளியாள் மோசடி என்றால் உடனே 1930 என்ற எண்ணை அழைத்திடுங்கள், வங்கிக்கும் எழுத்தில் தெரிவித்திடுங்கள். இன்னொருவருக்கு யு.பி.ஐ.யில் அனுப்பிய பணம் கணக்கில் கழிந்து அவருக்குப் போய்ச் சேரவில்லை என்றால், 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வகுத்த விதிப்படி மறுநாளுக்குள் திரும்ப வர வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு.

அக்காவின் கதையை முடித்துவிடலாம். அன்று மாலையே மகன் என் முன்னால் உட்கார்ந்து இரண்டு ஆட்டோபேக்களையும் ரத்து செய்தான், அம்மாவின் கணக்கைத் தன் போனிலிருந்து நீக்கினான். அந்த வாரமே தன் பகுதி நேர வேலைச் சம்பளத்தில் அம்மாவுக்கு ஒரு பட்டன் போன் வாங்கிக் கொடுத்தான். சிம் அதற்குள் போனது. *99# அழைத்துப் புதுப் பின் நம்பர் வைக்கும்போது, நான் திரும்பி நின்றுகொண்டேன். மகனையும் திரும்பி நிற்கச் சொன்னேன். "என்ன தம்பி, பெத்த பையன்தானே" என்று அக்கா சிரித்தார். சிரித்துக்கொண்டே போனைக் கையால் மறைத்துக்கொண்டுதான் தட்டினார்.

அடுத்த மாதம் 15 ஆம் தேதி, காலை வியாபாரத்துக்கு நடுவிலேயே பேலன்ஸ் பார்த்துவிட்டு, "வந்துடுச்சு தம்பி" என்று கடையிலிருந்தே குரல் கொடுத்தார். மகன் ரீசார்ஜுக்கு அவரிடம் கேட்டுத்தான் வாங்கிக்கொண்டான். கேட்டால் கொடுக்காமல் இருப்பாரா என்ன? ஆனால் கேட்டு வாங்கினான்.

உங்கள் வீட்டிலும் ஒரு தடவை பார்த்திடுங்கள். அம்மாவின் சிம் யார் போனில் இருக்கிறது?